வடகடலில் வராத வாந்தி

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு ஊர் பாம்பன் பக்கம். வயது 27. பதினேழு வயதிலிருந்து விசைப்படகில் வடகடல் (பாக் விரிகுடா) தொழில்தான். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடக் கடலில் வாந்தி எடுத்தது கிடையாது. சின்ன வயதில் பஸ்ஸில் போனால் வரும், அவ்வளவுதான். இப்போது மாமா மானியத்தில் ஆழ்கடல் தூண்டில் படகு எடுத்திருக்கிறார். போன மாதம் அதில் முதல் தங்கல், நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது. மூக்கையூரில் கிளம்பி, குமரிக்குத் தெற்கே இறங்கின ராத்திரியே ஆரம்பித்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை ஒரு பட்டை கொண்டுபோயிருந்தேன், கேட்கவில்லை. நான்காம் நாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிட்டது. பதினெட்டு நாள் கழித்துக் கரைக்கு வந்தால் தரை ஆடுகிறது. தலைக்கு ஊற்றும்போது கண்ணை மூடினால் சாயப் பார்த்தேன். இரண்டு நாள் அப்படி இருந்தது. "உனக்கு இது சரிப்படாதுடா, பழைய படகுக்கே போ" என்கிறார் மாமா. கூட வந்தவர்கள், ஒரு கட்டிங் போட்டுக்கொண்டு ஏறினால் ஒன்றும் செய்யாது என்கிறார்கள். மூன்று வாரத்தில் அடுத்த தங்கல். எனக்கு மூளையில் ஏதாவது கோளாறா? ஒரு பெண் பார்த்துப் பேசி வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் இதைச் சொல்ல வேண்டுமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, மூளையில் கோளாறு இல்லை. நீங்கள் எழுதியதிலேயே அதற்கு இரண்டு சாட்சி இருக்கிறது. கொண்டுபோன மாத்திரைக்கு அடங்காத வாந்தி நான்காம் நாள் தானாக நின்றது ஒன்று. கரைக்கு வந்ததும் தரை ஆடியது இன்னொன்று. இரண்டுமே மூளை ஒழுங்காக வேலை பார்க்கிறது என்பதற்கான அடையாளம். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும். "பத்து வருடக் கடல்காரனுக்கு இது வரலாமா" என்கிற வருத்தம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. அந்த வருத்தத்துக்கு மாத்திரை பெயர் எழுதி அனுப்பினால் போதாது.

கத்தாழை மீன் தலையை உடைத்தால் உள்ளே இரண்டு வெள்ளைக் கல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் பொறுக்கி வைத்து விளையாடியும் இருப்பீர்கள். அது மீனின் காதுக்கல். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம், மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று மீன் தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். நமக்கும் அது உண்டு. ஆனால் ஒரே கல்லாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத துகள்களாக, பிசின் மாதிரி ஒரு படலத்தின்மேல் ஒட்டிக்கொண்டு உள்காதுக்குள் இருக்கும். சங்கும் சிப்பியும் எதனால் ஆனதோ அதே சுண்ணாம்புதான். தலை சாய்ந்தாலோ, அலை உங்களைத் தூக்கி இறக்கினாலோ இந்தத் துகள்களின் பாரம் சறுக்கி அடியிலுள்ள நுண்மயிர்களை வளைக்கும். பக்கத்திலேயே நீர் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவை சொல்லும்.

காது ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது, பாதமும் கழுத்தும் ஒன்று சொல்கின்றன. மூளை இவற்றை ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கிறது. அதோடு நிற்பதில்லை. இத்தனை வருட அனுபவத்தில் இந்த இடத்தில் இப்படித்தான் ஆட வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு வைத்திருக்கிறது, அதோடும் ஒத்துப்பார்க்கிறது. கணக்கு இடித்தால் முதலில் கொட்டாவி வரும். அப்புறம் வாயில் எச்சில் ஊறும், முகம் வெளிறும், குளிர்ந்த வேர்வை வரும், கடைசியில் வாந்தி. உள்காதின் இந்தச் சமநிலை உறுப்பு இரண்டு பக்கமும் செத்துப்போனவர்களை எந்தக் கப்பலில் ஏற்றினாலும் இது வராது. ஆக, வாந்தி வருகிறதென்றால் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, வடகடலில் ஏன் வரவில்லை? அது உங்களுக்கே பாதி தெரியும். பாக் விரிகுடா பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும் ஆழம். சுற்றிலும் கரையும் தீவும் மணல் திட்டும். பெரிய கடலின் நீண்ட அலை அங்கே உருண்டு வர இடமில்லை. காற்று கிளப்பும் குட்டை அலைதான், பலகையில் தட்டுகிற மாதிரி சடசடவென்று அடிக்கும். இடுப்பு வலிக்கும், வாந்தி அவ்வளவாக வராது. மனிதர்களை ஒரு கூண்டில் உட்காரவைத்து வேறு வேறு வேகத்தில் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து நொடிக்கு ஒரு தரம் ஏறி இறங்குகிற, சோம்பலான ஆட்டம்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. நொடிக்கு ஒன்று, இரண்டு என்று குலுக்கினால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. குண்டும் குழியுமான ரோட்டில் டவுன் பஸ்ஸில் வராத வாந்தி, வழவழவென்று வளைந்து ஏறும் கொடைக்கானல் ரோட்டில் வருகிறதே, ஏறக்குறைய அதே கதை. குமரிக்குத் தெற்கே அண்டார்டிகா வரை பெரிய நிலம் எதுவும் இல்லை. அங்கிருந்தெல்லாம் உருண்டு வருகிற அலைக்கு உங்கள் படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. உங்கள் பழைய கணக்கில் அந்த அலைக்கு வரவும் இல்லை, பற்றும் இல்லை.

இன்னொன்றும் உண்டு, இதைச் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை, என்னிடம் காது வலிக்கு வந்த ஒரு ஸ்ராங்கு, படகை ஓட்டும் தலைவர். இழுவைப் படகு வேலை பார்க்கும்போது பின்னால் மடி வலை கிடக்கிறது. அது படகை நங்கூரம் மாதிரி பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், ஆட்டம் அடங்கியிருக்கும். நீளக் கயிற்றில் வரிசையாகத் தூண்டில்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டில் போடும் படகு அப்படியில்லை. கயிற்றை விட்டுவிட்டு, மீன் கொத்தட்டும் என்று எஞ்சினை அணைத்துப் போட்டுவிடுகிறீர்கள். அப்போது படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பி நின்று தொட்டில் மாதிரி பக்கவாட்டில் உருளும். ஓடுகிறபோது சமாளித்த ஆள் மிதக்கிறபோது விழுந்துவிடுவான். போன தங்கலில் உங்களுக்கு எந்த நேரத்தில் அதிகம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

நான்காம் நாள் நடந்தது என்னவென்றால், மூளை புதுக் கணக்கு எழுதி முடித்துவிட்டது. அநேகம் பேருக்கு இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் இது நடக்கும். அந்தக் கணக்கோடு நீங்கள் கரை இறங்கியதும், ஆட வேண்டிய தரை ஆடாமல் கிடக்கிறது. மூளை தானே ஆட்டிக்கொள்கிறது. கண்ணைத் திறந்திருந்தால் சுவரும் கதவும் உண்மையைச் சொல்லிவிடும். தலைக்கு ஊற்றக் கண்ணை மூடியதும் அந்தச் சாட்சி போய்விடுகிறது, சாய்கிறீர்கள். இரண்டு நாளில் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், அது வழக்கம்தான். கரை இறங்கின அன்று மட்டும் பைக் எடுக்காதீர்கள், குளியலறையில் ஒரு கை சுவரில் இருக்கட்டும். ஒரு மாதம் தாண்டியும் தரை ஆடினால் அது வேறு விஷயம், நேரில் காட்ட வேண்டும்.

மாமா சொன்னதற்கு வருகிறேன். மூன்று நாள் வாந்தி எடுத்தவன் ஆழ்கடலுக்கு ஆக மாட்டான் என்றால், இங்கிலாந்துக் கடற்படையின் நெல்சன் வேலையை விட்டிருக்க வேண்டும். காற்று பலத்தால் தனக்கு முடியாமல் போகிறது என்று தளபதியான பிறகும் கடிதம் எழுதியவர் அவர். பீகிள் கப்பலில் 1831-லிருந்து 1836 வரை சுற்றிய டார்வின் கடைசி வரைக்கும் அவஸ்தைப்பட்டார். நான் காது, மூக்கு, தொண்டை படித்தவன், இந்தக் குழாய்களைப் படம் போட்டுப் பாடம் எடுத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு முன் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு மருத்துவக் குழுவோடு போனபோது, நீங்கள் ஒரு நாளும் வாந்தி எடுக்காத அதே வடகடலில், இராமேசுவரம் கண்ணிலிருந்து மறைவதற்குள் எடுத்துவிட்டேன். படகில் வந்த ஒரு பாட்டி, "டாக்டருக்கே டாக்டர் வேணும் போல" என்றார். ஆக, இதற்கும் தைரியத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

உங்களுக்குச் சற்றுக் கூடுதலாக வருவதற்கு ஒரு காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: சின்ன வயது பஸ் வாந்தி. அப்படிப்பட்டவர்களுக்கும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் இது எளிதில் தொற்றிக்கொள்ளும். பாக் விரிகுடாவிலிருந்து ஆழ்கடலுக்கு மாறும் திட்டம் 2017-இல் வந்த பிறகு, உங்களைப்போலப் புதுக் கடலுக்குப் போய்வந்தவர்கள் சிலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். முதல் வாக்கியத்தைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். நாற்பத்தைந்து வயது ஆள் ஒருவர், கூட வந்த மகனை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னார்.

இனி மாத்திரை. ஒண்டான்செட்ரான் நல்ல மருந்து. புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாந்தி, ஆபரேஷனுக்குப் பிந்தைய வாந்தி, வயிற்றுப்போக்கோடு வரும் வாந்தி இவற்றுக்குப் பிரமாதமாகக் கேட்கும். காதிலிருந்து கிளம்பும் வாந்திக்கு அது சரிவராது. அந்தப் பாதையில் அதற்கு வேலை அதிகமில்லை. டொம்பெரிடோனும் அப்படித்தான். மருந்துக்கடையில் "வாந்தி மாத்திரை" என்று கேட்டால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்பார்கள். கேட்டவரும் குற்றவாளியில்லை, கொடுத்தவரும் இல்லை. "கடலுக்குப் போகிறேன்" என்ற ஒரு வார்த்தை விட்டுப்போனதால் வருகிற வினை.

உங்களுக்கு வேண்டியது அலர்ஜி மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்குப் பிடித்த கதை. 1947-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் தடிப்பு அரிப்புக்காக ஒரு கர்ப்பிணிக்கு ஒரு புது மருந்து கொடுத்தார்கள். அந்தம்மாவுக்கு டிராமில் ஏறினாலே குமட்டும். மருந்து சாப்பிட்ட நாட்களில் டிராமில் ஒன்றும் ஆகவில்லை என்று அவர்தான் கவனித்துச் சொன்னார். அந்த வருடக் கடைசியிலேயே, ஜெர்மனிக்குப் போன ஒரு துருப்புக் கப்பலில் சிப்பாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்டது. டைமென்ஹைட்ரினேட் என்ற அந்த மருந்து இன்றும் விற்பனையில் இருக்கிறது.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது இரண்டு. ஒன்று புரோமெத்தசின், அவோமின் என்று கேட்டால் தெரியும், 25 மில்லிகிராம். நன்றாகக் கேட்கும், ஆனால் தூக்கம் அடித்துப் போடும். இன்னொன்று சின்னாரிசின், அதுவும் 25 மில்லிகிராம். தூக்கம் கொஞ்சம் குறைவு. படகில் வேலை செய்ய வேண்டிய ஆளுக்கு நான் முதலில் யோசிப்பது சின்னாரிசின். எதுவாக இருந்தாலும் உங்கள் ஊர் டாக்டரிடம் ஒருமுறை காட்டி எழுதி வாங்குங்கள். கண்ணில் நீர் அழுத்தம், மூத்திரம் அடைத்து அடைத்துப் போவது, ஆஸ்துமா, வலிப்பு, வேறு மாத்திரை சாப்பிடுவது ஏதாவது இருந்தால் அவரிடம் மறைக்க வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது.

மாத்திரையைவிட நேரம் முக்கியம். குமட்டல் ஆரம்பித்துவிட்டால் இரைப்பை வேலைநிறுத்தம் செய்துவிடும். உள்ளே போனதைக் குடலுக்குத் தள்ளாது. நீங்கள் விழுங்கும் மாத்திரை வயிற்றிலேயே கிடந்து அடுத்த வாந்தியில் கடலுக்குப் போகும். போன தடவை ஒரு பட்டை மாத்திரையும் அப்படித்தான் போயிருக்கும். புரோமெத்தசின் என்றால் கிளம்புவதற்கு முந்தின இரவு படுக்கும்போது ஒன்று, அடுத்த இரண்டு இரவும் படுக்கும்போது ஒவ்வொன்று. சின்னாரிசின் என்றால் ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஒன்று. அப்புறம் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், எவ்வளவு என்பதை எழுதித் தருபவர் சொல்வார். மூன்று நாள், அதிகம் போனால் நான்கு நாள். அதோடு நிறுத்திவிடுங்கள். பதினெட்டு நாளும் சாப்பிடும் மருந்து அல்ல இது.

கரையில் இருக்கும்போதே, வேலையில்லாத ஒரு நாளில், ஒன்று போட்டுப் பாருங்கள். சிலருக்கு அரைத் தூக்கம், சிலருக்கு முழு நாள் மந்தம். எது உங்களுக்கு என்று நடுக்கடலில் தெரிந்துகொள்ளக் கூடாது. கயிறு ஓடிக்கொண்டிருக்கும்போது, அதில் ஆளைச் சுண்டி இழுக்கும் தூண்டில்கள் போய்க்கொண்டிருக்கும்போது, கண் சொருகினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். முதல் இரண்டு இரவு காவலுக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி ஸ்ராங்கிடம் முன்பே பேசிவிடுங்கள்.

காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஒரு பட்டை வெளிநாட்டில் உண்டு, மூன்று நாளைக்கு வேலை செய்யும். நம் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதில் இருக்கும் ஸ்கோபோலமின் என்ற சரக்கு நம் ஊமத்தையிலும் இருக்கிறது. யாராவது விவரம் தெரிந்தவர் மாதிரி ஊமத்தை விதையையோ இலையையோ வைத்துக் கைவைத்தியம் சொன்னால் பக்கத்திலேயே போகாதீர்கள். பட்டையில் இருப்பது எண்ணி அளந்த அளவு. செடியில் ஒவ்வொரு காய்க்கும் ஒவ்வொரு அளவு. புத்தி பேதலித்துக் கடலில் குதித்தாலும் குதிப்பீர்கள்.

இஞ்சி பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். கொஞ்சம் உதவுகிறது என்று சொல்கிற ஆய்வும் இருக்கிறது, இல்லை என்கிற ஆய்வும் இருக்கிறது. இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொள்வதில் நஷ்டமில்லை. மாத்திரைக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம். வாந்தியை நிறுத்தும் என்று விற்கிற மணிக்கட்டுப் பட்டை வாங்கும் காசுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வாங்குங்கள்.

கட்டிங் விஷயம். குடித்துவிட்டுப் படுத்தால் கட்டில் சுற்றுகிறதே, அது ஏன் தெரியுமா? சாராயம் ரத்தம் வழியாகப் போய், நான் முன்பு சொன்ன அரைவட்டக் குழாய்களுக்குள் இருக்கும் உணர்மொட்டை அதைச் சுற்றியுள்ள நீரைவிட லேசாக்கிவிடுகிறது. அசையாத தலை சுற்றுவதாகக் காது பொய் சொல்ல ஆரம்பிக்கும். அலையே ஒரு குழப்பம், அதன்மேல் நீங்களே இன்னொரு குழப்பத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்? உடம்பு நீரை இழக்கும். மாத்திரையோடு சேர்ந்தால் தூக்கம் இரண்டு மடங்காகும். கிளம்புகிற முந்தின ராத்திரி விருந்து நம் துறைமுகங்களில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது, தெரியும். அந்த ஒரு ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் தூங்குங்கள். தூக்கம் கெட்ட உடம்பைக் கடல் முதலில் பிடிக்கும்.

இந்த மூன்று வாரத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, உங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வாய்த்த வசதி அது. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல். மன்னார் வளைகுடா வடகடலைவிடத் திறந்த கடல், நீண்ட அலை வரும். தென்கடலில் போகும் வள்ளக்காரர் யாராவது தெரிந்தவர் இருந்தால் வாரத்துக்கு மூன்று நாலு தடவை கூடப் போய்வாருங்கள், கூலி வேண்டாம் என்று சொல்லி. மாத்திரை போடாமல் போங்கள். கொட்டாவி வந்து எச்சில் ஊறும் வரை இருங்கள், வாந்தி வரை போக வேண்டியதில்லை. மூளை கணக்கை அங்கேயே எழுதத் தொடங்கிவிடும். கடைசி இரண்டு மூன்று நாளும் போவது நல்லது, ஏனென்றால் இந்தக் கணக்கு கரையில் கிடந்தால் அழியும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் முடிந்து ஏறும் முதல் தங்கலில் பழைய ஆட்களுக்கே முகம் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளியே சொல்ல மாட்டார்கள்.

படகில் ஏறியபின், முதல் மூன்று நாள் உங்களுக்கு இடம் நடுப்படகு. படகின் முன்பக்கமான அணியத்தில் ஏற்ற இறக்கம் அதிகம், வீல்ஹவுஸ் மேல்தளத்தில் உருட்டல் அதிகம், எஞ்சின் பக்கம் டீசல் வாடை. நடுவில், தாழ்வாக, காற்று முகத்தில் படுகிற இடம் பாருங்கள். பகலில் அடிவானத்தைப் பாருங்கள், கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லும். இரவில் அடிவானம் கிடையாது, அப்போது மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வதுதான் சரி. தலையணைக்குப் பக்கத்தில் ஏதாவது வைத்துத் தலை உருளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் ஏற்றிவைத்த படத்தைப் படுத்துக்கொண்டு பார்ப்பதை நான்காம் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். குனிந்து இரை கோர்ப்பது, ஐஸ் கிடங்குக்குள் இறங்குவது, இரண்டையும் முதல் நாட்களில் வேறு ஆள் பார்க்கட்டும். முடிந்தால் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கை வாங்கிப் பிடியுங்கள். கார் ஓட்டுகிறவருக்கு வாந்தி வராது, பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் வரும். அடுத்த ஆட்டம் எந்தப் பக்கம் என்று கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. உங்கள் மாமா ஏன் வாந்தி எடுக்கவில்லை என்பதற்கும் அதில் பாதிப் பதில் இருக்கலாம்.

வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. எண்ணெயில் பொரித்த மீனும் காரக் குழம்பும் நான்கு நாள் கழித்தும் அங்கேதான் இருக்கும், ஓடிப்போகாது. கஞ்சி, ரஸ்க், பொரி, வாழைப்பழம், கொஞ்சம் கொஞ்சமாக.

அத்தனையும் செய்தும் வாந்தி வந்தால், தயவுசெய்து படகு விளிம்பில் தொங்கிக்கொண்டு எடுக்காதீர்கள். இந்தக் கடிதம் முழுக்க நான் உண்மையாகவே பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். வாந்தி பெரும்பாலும் யாரையும் மூன்று நாளில் கொல்லாது. இருட்டில், தள்ளாட்டத்தில், உருளும் படகின் விளிம்பில் குனிந்து நிற்பது கொல்லும். உங்களுக்கென்று ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள், அதில் எடுங்கள். வெளியே போயே ஆக வேண்டுமானால் உயிர்காப்புச் சட்டை போட்டு, ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வாந்தி எடுத்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பு லேசாக இருக்கும். அதுதான் தண்ணீர் இறக்க வேண்டிய நேரம். மடமடவென்று குடித்தால் திரும்பி வரும், ஒவ்வொரு வாயாக. ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கொட்டிக் கரைக்கக் கூடாது. தங்கலுக்குக் குறைந்தது பத்துப் பாக்கெட் கொண்டுபோங்கள். மூத்திரத்தைக் கவனியுங்கள். கறுத்த டீ நிறத்தில் கொஞ்சமாகப் போனால் நீர் போதவில்லை. பகல் முழுக்க மூத்திரமே போகவில்லை, வாந்தியில் ரத்தம், ஆள் உளறுகிறார், எழுப்பினால் சரியாக விழிக்கவில்லை என்றால் அது குமட்டல் கணக்கில் சேராது. படகு ரேடியோவில் விஎச்எஃப் 16-ஆம் சேனலில் உதவி கேட்க வேண்டும். கைபேசி சிக்னல் இருக்கும் தூரம் என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554. நெஞ்சை அழுத்துகிறது, வேர்க்கிறது, குமட்டுகிறது என்று ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சொன்னால் "கடல் ஒத்துக்கலை" என்று விட்டுவிடாதீர்கள், மாரடைப்பும் அப்படித்தான் வரும். கரையில் இருக்கும்போதே படுக்கையில் புரண்டால் சுற்றுகிறது, ஒரு காதில் மட்டும் இரைச்சல், கேட்பது மந்தம் என்றால் என் மாதிரி ஒரு ஆளிடம் வர வேண்டும்.

மாமாவிடம் மூன்று தங்கல் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் அவஸ்தைப்படும் நாள் குறைந்துகொண்டே வந்தால் நீங்கள் ஆழ்கடல் ஆள்தான். எத்தனை தடவை போனாலும் பழகாத காதுகளும் உண்டு, கொஞ்சம் பேருக்கு. மருந்தும் போட்டு, எல்லாம் செய்து, மூன்றாம் தங்கலிலும் முதல் தங்கல் மாதிரியே கிடந்தால் வடகடலுக்கே திரும்புவதுதான் புத்திசாலித்தனம் என்று நானும் சொல்வேன். ஒரே ஒரு தங்கலை வைத்து அவர் தீர்ப்பு எழுதியது அவசரம்.

பெண் வீட்டில் சொல்லலாமா என்பது என் படிப்பில் வராத கேள்வி. ஆனாலும் சொல்லிவிடுங்கள். கச்சத்தீவுக்குப் போன அந்தப் படகில் எனக்கு எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில் கொடுத்த நர்ஸைத்தான் அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொண்டேன். தான் அன்று வாந்தி எடுக்கவில்லை என்பதை அவர் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லாமல் விடுவதில்லை.